எழுபத்துநாலு சுற்று

கோமதியம்மன் கோயிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டது. காலையில் கடையைத் திறந்து முதல் கூடை மல்லிகையைக் கொட்டுவதற்குள் அந்த வாசனை வந்துவிட்டது. பூ வாசனையைச் சொல்லவில்லை, அது என் மூக்குக்குப் பழகி எத்தனையோ வருஷமாகிறது. கோயிலைச் சுற்றிவிட்டு வருகிற பெண்கள் காலில் அடித்துக்கொள்கிறார்களே, வலி ஸ்பிரே, அதன் வாசனை. ஒரு அம்மா இரண்டு முழம் பூ கேட்டுக்கொண்டே, கடை வாசலில் சேலையைக் கெண்டைக்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்து சர்ரென்று அடித்துக்கொண்டாள். போன வருஷம் இதே வாசனைக்கு நீ முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் வந்து, அப்படியே நின்றுவிட்டேன். மீதிச் சில்லறை கேட்டு அந்த அம்மா சத்தம் போட்ட பிறகுதான் கை அசைந்தது.

நீ போன பிறகு உன்னைப் பற்றி உருப்படியாகப் பேச எனக்கு ஆள் இல்லை. யாரிடம் பேச்சை எடுத்தாலும் குண்டு எறிதலுக்குப் போய்விடுகிறார்கள். "இன்னைக்கு வரைக்கும் உடையாத ரெக்கார்டுல்லா" என்கிறார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன். அதனால்தான் உன்னிடமே சொல்ல உட்கார்ந்தேன். கொஞ்சம் திட்டவும் வேண்டியிருக்கிறது.

நம் பள்ளியில் இருந்த ஒரே இரும்புக் குண்டு பி.டி. சாரின் அறையில் பூட்டிக் கிடக்கும். அவர் வராத நாட்களில் என் அப்பாவின் பூக்கடையிலிருந்து அஞ்சு கிலோ எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போவோம். கழுத்தோடு ஒட்டி வைத்தால் அதன் விளிம்பு தாடைக்குக் கீழே குத்தும். வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் சிவந்திருக்கும். "கல்லத் தொலச்சியன்னா நாளைக்கு உங்க ரெண்டு பேரையும் வச்சுத்தான் பூ நிறுப்பேன்" என்பார் அப்பா. உன்னை வைத்தால் தராசே அறுந்துபோகும் என்று நான் சொல்வேன். நீ முதுகில் ஒன்று வைப்பாய். அந்த அடியின் கனத்தில்தான் உனக்கு எவ்வளவு பலம் என்று எனக்குத் தெரியும்.

அப்போது நாம் இரண்டு பேரும் சமம். ஒரு நாள் நான் ஒரு சாண் முந்தினால் மறுநாள் நீ முந்துவாய். குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து பஸ் ஏறி வருவாய். தூக்குவாளியில் கம்மஞ்சோறு இருக்கும். என் வீட்டு இட்லியை நீயும் உன் சோற்றை நானும் தின்றோம். ஒரே தீனி, ஒரே கல், ஒரே மைதானம். அதனால்தான் பின்னால் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

கடைசி வருஷத்துக்கு முந்தின லீவில் வெளியூரில் ஒரு பயிற்சி கேம்ப் என்று நீ கிளம்பினாய். என் அப்பா அனுப்பவில்லை. நீ திரும்பி வந்தபோது ரவிக்கையின் கை இறுக்கமாக இருந்தது. குரல் கட்டையாக இருந்தது. என்னடி இது என்று கேட்டேன். சளி பிடித்திருக்கிறது என்றாய். சளி ஒரு வாரத்தில் போகும், இரண்டு வாரத்தில் போகும் என்று நானும் சுக்குக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய். அதையும் பிசைந்து தின்றவள் நான்.

மாவட்டப் போட்டி வந்தது. என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக எறிந்தது அன்றைக்குத்தான். பழைய ரெக்கார்டு இருந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி குத்தி வைத்திருந்தார்கள். என் குண்டு அந்தக் கொடியை உரசுகிற மாதிரிப் போய் விழுந்தது. ஜனம் கத்தியது. அடுத்து நீ வட்டத்துக்குள் இறங்கினாய். உன் குண்டு கொடியின் தலைக்கு மேலே போயிற்று. டேப் பிடித்தவர்கள் ஓடிப்போய் அளந்து, கொடியைப் பிடுங்கி, தள்ளிக் கொண்டுபோய்க் குத்தினார்கள். நான் ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். பாதி சந்தோஷம், பாதி பொறாமை. நீ அழவில்லை. உன் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சான்றிதழில்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உனக்கு அரசு வேலை வந்தது. இருந்தது ஒரே இடம். உனக்கு மேசை, நாற்காலி, மின்விசிறி. எனக்கு அப்பாவின் பூக்கடை. உன் பெயரையும் நீ எறிந்த தூரத்தையும் பள்ளி மேடைச் சுவரில் நீல பெயிண்டில் எழுதினார்கள். ஆனால் மாநிலப் போட்டிக்குப் போன நீ தோள் பிசகிவிட்டது என்று எறியாமலே பஸ் ஏறி வந்துவிட்டாய். அதற்குப் பிறகு குண்டைத் தொடவே இல்லை. எல்லாம் கண்ணேறு என்று சொல்லி என் அம்மா மிளகாய் வற்றலும் உப்பும் சுற்றி உனக்காக அடுப்பில் போட்டாள். அங்கே ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பரிசோதிக்க ஆட்கள் வந்திருந்தார்கள் என்பது இங்கே யாருக்குத் தெரியும்?

வருஷங்கள் கழித்து, இதயம் வீங்கிப்போய், நீண்ட லீவு போட்டுவிட்டு அம்மாவிடம் வந்து சேர்ந்தாய். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாய். மூச்சு வாங்க வாங்க ஒரு நாள் மத்தியானம் என் கடைக்கு வந்தாய். ஏலம் முடிந்து மார்க்கெட்டே காலியாக இருந்தது. நான் வாடிய பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். காப்பி சொல்லட்டுமா என்றேன். வேண்டாமென்று சாக்கின் மேல் உட்கார்ந்தாய்.

"ஏட்டி, அன்னைக்கு எறிஞ்சது நான் இல்ல. ஊசி."

கேம்ப் மாஸ்டர் சத்து ஊசி என்றுதான் சொன்னாராம். முதலில் உனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு மாதவிலக்கு நின்றது, தாடையில் முடி முளைத்தது. உன்னோடு இருந்த பெரிய பெண் ஒருத்தி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் அந்த மாஸ்டரை மட்டும் திட்டிவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். நீ அத்தோடு நிறுத்தவில்லை.

"தெரிஞ்ச பொறவும் கைய நீட்டுனேன். அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றாய்.

என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. அந்த வேலை என்னுடையது என்று கத்தினேன். ஆமாம், உன்னுடையதுதான் என்றாய். இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தெருவில் வீசிக் கொட்டிவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றேன். நீ எழுந்து, கடை வரிசையின் முன்கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போனாய். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மார்க்கெட்டுக்கு வந்த நாள்களெல்லாம் அன்று என் கண் முன்னால் வந்து நின்றன. இந்தக் கைகள் நார் கிழித்துக் கிழித்து வெடித்ததற்கு நீதான் காரணம் என்று தோன்றியது. கொஞ்ச நாள் உன்னை மனதார வெறுத்தேன்.

நீ சும்மா இருக்கவில்லை. பி.டி. சாரைத் தேடி அவர் வீட்டுக்குப் போனாய். ஓய்வு பெற்று ரொம்ப நாளாகியும், பள்ளி விளையாட்டு விழா என்றால் மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. ஒன்று விடாமல் அவரிடம் சொல்லி, சுவரிலிருந்து உன் பெயரை அழிக்கச் சொல்லிக் கேட்டாய். அவர் பொறுமையாகக் கேட்டாராம்.

"காய்ச்சல்னா ஊசி, கால்வலின்னா ஊசி. நம்மூர்ல ஊசி போடாத ஆளு யாரு தாயி இருக்கா? எறிஞ்சது ஒன் கைதான? உடம்பு சரியில்லாம இருக்கே, மனசப் போட்டுக் கொழப்பாத" என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினார்.

அது போதாதென்று விளையாட்டு விழா மேடையில் மைக்கைப் பிடித்து உன் கதையைச் சொல்லிவிட்டார். அவர் மனதில் அது எப்படிச் சேர்ந்ததோ, கடும் காய்ச்சலோடு வந்த பெண் ஊசி போட்டுக்கொண்டு களத்தில் இறங்கி ரெக்கார்டை உடைத்தாள் என்று ஆகிவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். உன்னை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையோடு நேரே என் கடைக்கு எதிரே வந்து நின்றாய். உள்ளே வரவில்லை, நான் வராதே என்று சொல்லியிருந்தேனே. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே நடந்ததைச் சொன்னாய்.

"இந்த ஊர்ல குத்தத்தச் சொன்னாக்கூட சால்வ போத்துதாவட்டி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. நீயும் சிரித்தாய், சிரித்து மூச்சு முட்டி அந்தப் பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாய். நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தேன். நம் சண்டை அப்படித்தான் முடிந்தது. முடிந்தது என்றால், பேச ஆரம்பித்தோம், அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் சொன்னாய். வருஷா வருஷம் போட்டி நடக்கும்போது லீவு போட்டுவிட்டு வந்து கயிற்றுக்குப் பின்னால் நிற்பாயே, ரெக்கார்டு வைத்தவளுக்கு இருக்கிற பெருமை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நீயோ, எவளாவது அந்தச் சிவப்புக் கொடியைத் தாண்டி எறிவாளா என்று பார்க்க வந்திருக்கிறாய். ஒரு வருஷம் வாசுதேவநல்லூர்ப் பெண் ஒருத்தி தாண்டியே விட்டாளாம். ஆனால் கால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது, எறி செல்லாது என்றுவிட்டார்கள். அவள் அழுவதற்கு முன்னால் நீ தரையில் உட்கார்ந்து அழுதாயாம். அந்தப் பெண்ணே வந்து உனக்கு ஆறுதல் சொன்னாளாம். கஞ்சியும் கூழுமாக வளர்ந்த பிள்ளைகள், இல்லாத ஒரு தூரத்தைப் பார்த்து எறிந்து எறிந்து தோற்றுப் போகிறார்களே என்று நீ சொன்னபோது, நான் எனக்குள் எண்ணிக்கொண்டேன். முதலில் தோற்றவள் நான், பிறகு எத்தனை பேர்.

அடுத்து வந்த ஆடியில் கோயிலைச் சுற்றப்போகிறேன் என்று நின்றாய். ஆடிச்சுற்று, நூற்றியொரு சுற்று. படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன், கேட்கவில்லை. ஒற்றைக்காலில் தபசு நிற்கிற கோமதியம்மன் கால்வலியில் நாமும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளத்தான் சுற்றுகிறோம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நீ அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். மாத்திரை, தைலம், ஸ்பிரே ஒன்றும் கிட்டே வரக்கூடாது. குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தவர்களைக்கூட விரட்டினாய். ஒரு வாய் காப்பி குடி என்றதற்கும் மாட்டேன் என்றாய். "காப்பியும் ஊசியாட்டி?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "எதுக்கு வம்பு" என்றாய்.

நூற்றியொரு புளியங்கொட்டையை ஒரு துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாய். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டையை அம்மன் சன்னதித் தூணடியில் போடுவாய். காலையில் கொஞ்சம், வெயில் தாழ்ந்து கொஞ்சம். நான் கடையை எங்கள் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு உன் பின்னாலேயே நடந்தேன், நீ விழுந்தால் பிடிக்க. பக்கத்தில் சுற்றின பெண்கள் உன் காலைப் பார்த்துவிட்டு, மாத்திரையும் ஸ்பிரேயும் நீட்டினார்கள். நல்ல மனதோடுதான் நீட்டினார்கள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். கால் தூண் மாதிரி வீங்கியிருந்தது.

தபசுக்கு முந்தின நாள் எழுபத்துநாலாவது கொட்டையைப் போட்டுவிட்டு, அந்தத் தூணிலேயே சாய்ந்து உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. உதடு நீலமாக இருந்தது. மிச்சத்தை நான் சுற்றுகிறேன், நேர்ந்தவர்களால் முடியாவிட்டால் வேண்டியவர்கள் சுற்றிக் கொடுப்பதுதானே, சாமி ஏற்றுக்கொள்ளும் என்றேன். முடிச்சை வாங்கக் கையை நீட்டினேன்.

"வேண்டாம்ட்டி. எழுபத்துநாலு என்னது. நீ சுத்துனா அது ஒன்னுது. ஒன்னுத நான் ஒரு மட்டம் எடுத்தது போதும்."

முடிச்சை என் கையில் வைத்தாய், சுற்றக்கூடாது, சும்மா வைத்துக்கொள் என்று. உன்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றும்போது நீ சந்தோஷமாக இருந்தாய். அன்று மைதானத்தில் கொடியைத் தள்ளிக் குத்தினபோது உன் முகத்தில் நான் பார்க்காத சந்தோஷம். அது எனக்கு அப்போது புரியவில்லை, பாதியில் விட்டுவிட்டு என்ன சிரிப்பு என்று எரிச்சல்தான் வந்தது.

மார்கழியில் நீ போய்விட்டாய். பூ விலை உச்சத்தில் இருந்த நேரம். கடையில் இருந்த அத்தனை மல்லிகையையும் உனக்குத்தான் கொண்டுவந்தேன். பதினாறாம் நாள் பி.டி. சார் வந்திருந்தார். சுவரில் உன் பெயரைத் தங்க நிற பெயிண்டில் புதிதாக எழுதி, கீழே போட்டோ வைக்கப்போகிறார்களாம். வேண்டாம் சார், அவளே அழிக்கத்தானே சொன்னாள் என்றேன். செத்தவளை ஏன் குறைத்துப் பேசுகிறாய், உனக்கு இன்னும் அந்தப் பழைய பொறாமை போகவில்லையா என்று கேட்டுவிட்டார். கூடியிருந்தவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். இப்போது அந்தத் தங்க எழுத்து மேடைச் சுவரில் பளபளக்கிறது. நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

நேற்று உன் அம்மா கடைக்கு வந்தார். கொடியேறின செய்தி கேட்டதிலிருந்து தூக்கம் இல்லையாம்.

"நேந்தத முடிக்காமப் போயிட்டாளே தாயி. நீ அவளுக்கு உசுரு. மிச்சத்த நீ சுத்திக் குடுத்திரு. அவ ஆத்துமா அலையக் கூடாது."

முடியாது அத்தை என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. என்ன கோபம் என்றாலும் செத்தவளிடமா காட்டுவது என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடைக்குப் பின்னால் அழைத்துப்போய் உட்காரவைத்து, ஊசியிலிருந்து புளியங்கொட்டை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நீ இதை விரும்புவாயா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவர் தரையில் கிடந்த பூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டார்.

"ஊசின்னு எனக்குத் தெரியாது. ஆனா மாசாமாசம் அவ தலைக்குக் குளிக்காதது பெத்தவளுக்குத் தெரியாதா? தொண்ட மாறுனது தெரியாதா? வேல வருதே, கேட்டா போயிருமோன்னு கேக்காம இருந்துட்டேன்" என்றார்.

அப்புறம் அழுதார். நானும் அழுதேன். நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்துதான் உன் கையை நீட்டவைத்தோமோ என்று தோன்றியது.

இன்று காலையில் அவரைக் கோயிலுக்கு அழைத்துப்போனேன். சுற்றுகிற கூட்டத்துக்கு வழிவிட்டு, நீ சாய்ந்த அந்தத் தூணில் இரண்டு பேரும் சாய்ந்து உட்கார்ந்தோம். காலை நீட்டி ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, உங்களுக்கு எத்தனை சுற்று, முடிந்துவிட்டதா என்று கேட்டாள். உன் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாங்க சுத்தல. எம் மகதான் போன வருசம் எழுபத்துநாலு சுத்துனா."

நூற்றியொன்று நேர்ந்தாளா, முடிக்கவில்லையா, பாக்கியை யாராவது முடித்துவிட்டீர்களா என்று அந்தப் பெண் அக்கறையாகக் கேட்டாள்.

"பாக்கின்னு ஒண்ணும் இல்லம்மா. எழுபத்துநாலு. அம்புட்டும் அவ காலு" என்றார் உன் அம்மா.

அந்த முடிச்சு என் கல்லாப்பெட்டியில், அப்பாவின் அஞ்சு கிலோ எடைக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே இருபத்தேழு கொட்டைகள். அவிழ்க்க மாட்டேன், சுற்ற மாட்டேன். அந்த வேலையை நினைத்தால் உன் மேல் கோபம் இன்னும் வருகிறது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் உன் ரெக்கார்டு எவ்வளவு என்று யாராவது கேட்டால், சுவரில் இருக்கிற எண்ணை நான் சொல்வதில்லை. எழுபத்துநாலு என்கிறேன். மீட்டரா, அடியா என்று விழிக்கிறார்கள். விழிக்கட்டும்.